வேஷம் யாருக்கு?

(யூபிலி நாடகத்திற்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், பெயர் கொடுத்தவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் கூட்டி, நாடகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

நமது பங்கின் யூபிலி விழாவில் தேவசகாயம் பிள்ளை நாடகத்தை ஆடுவது என்று முடிவாகியிருக்கிறது. இது இன்று நேற்று எழுதிய கதை அன்று. கன்னியாகுமரிச் சீமையிலும், கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும், முன்னோர் காலத்திலிருந்தே பாட்டும் வசனமுமாக மேடை ஏறிய நாடகம். 1712-ஆம் ஆண்டில் நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த மனிதரை, 2022 மே 15-ஆம் நாள் திருச்சபை புனிதர் நிலைக்கு உயர்த்தியதை நாம் எல்லாரும் அறிவோம். யூபிலி ஆண்டுக்கு ஏற்ற நாடகம்தான். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கருத்து வேறுபாடு வரப்போவது வேறு இடத்தில். தேவசகாயம் யார்? மார்த்தாண்ட வர்ம மகாராஜா யார்? டச்சுத் தளபதி டிலனாய் யார்? ஞானப்பூ அம்மாள் யார்? இருக்கிற வேஷங்களைவிடக் கேட்டு வந்தவர்கள் அதிகம். நாடகத்தால் ஒன்றுபட்ட ஊர்களும் உண்டு. வேஷம் கொடுத்த அன்றே இரண்டுபட்ட ஊர்களும் உண்டு. ஆகவே, தேர்வு நடக்கும் முன்பே சில செய்திகளை மனம் விட்டுப் பேசிவிடுவது நல்லது என்று கருதியே உங்களை அழைத்தோம்.

முதலில் நம் சீமையைப் பார்ப்போம். திருவண்ணாமலை என்றால் வெளியூரார் மலையையும் தீபத்தையும் நினைப்பார்கள். ஆனால் இந்த மலையைச் சுற்றியுள்ள செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்கள் தெருக்கூத்தின் தாய்வீடு. திரௌபதி அம்மன் கோவில் திருவிழா வந்தால் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. கடைசி நாளில் துரியோதனன் படுகளம், தீமிதி. துக்க வீட்டில் காரியத்தன்று கர்ண மோட்சம் ஆடுவதும் இங்கே வழக்கம். நம்மில் பலர், எந்த மதத்தவராக இருந்தாலும், சிறுவயதில் சாக்குப் பையை விரித்துக்கொண்டு தெருவோரம் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள்தாம்.

அந்தக் கூத்தில் வேஷம் எப்படிக் கிடைக்கிறது? அங்கே ஒரு நாள் தேர்வு வைத்து முடிவு சொல்வதில்லை. வாத்தியார் ஒரு பையனைப் பல நாள் பார்க்கிறார். முதலில் பின்பாட்டில் நிற்க வைப்பார். தாளம் தப்பாமல் நிற்கிறானா என்று கவனிப்பார். பிறகு சிறிய வேஷம். கட்டை வேஷம் என்பது எடுத்த எடுப்பில் கிடைப்பதன்று. மரத்தால் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டிக்கொண்டு, முகத்தில் அரிதாரம் பூசி, சலங்கை கட்டி, இரவு பத்து மணிக்குத் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிறவன், விடியும்வரை குரல் உடையாமல் பாட வேண்டும். கிறுகிறு என்று சுற்றியாட வேண்டும். அழகிய முகம் இருந்தால் மட்டும் போதாது. குரலுக்கு உயரம் வேண்டும், காலுக்கு உரம் வேண்டும், உடம்புக்குப் பொறுமை வேண்டும்.

செய்யாற்றுப் பக்கம் புரிசை என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே தம்பிரான் குடும்பத்தார் பல தலைமுறையாகக் கூத்தைக் காத்து வருகிறார்கள். 2003-இல் மறைந்த கண்ணப்ப தம்பிரான் மைய அரசின் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். நமது மாவட்டத்துக் கிராமத்துத் தெருவில் ஆடிய கலையை நாடறியச் செய்தவர். அந்த வழியில் பயில்கிறவர்களைக் கேட்டால், வேஷம் என்பது கேட்டு வாங்குகிற பொருள் அன்று, தாங்கப் பழகுகிற பாரம் என்பார்கள்.

அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வெளியில் உயரமான பனைமரத் தூணை நட்டு, படிக்கட்டை வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் விரதம் இருந்து, ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். அங்கிருந்து எலுமிச்சம் பழமும் விபூதியும் வீசுவார். கீழே மடியேந்தி நிற்கிறது ஊர். இந்த வேஷத்திற்கு ஆள் எடுக்கும்போது, இவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு என்ன பயன்? உயரத்தில் தலை சுற்றாதவரா, அங்கே நின்றும் சுருதி விலகாமல் பாடுவாரா, விரதத்தை மதிப்பாரா என்பதுதான் கேள்வி. மரம் யாருக்கும் சலுகை காட்டாது.

இன்னொரு வேஷம் கட்டியங்காரன். கோமாளி என்று எண்ணி இதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. உண்மையில் கூத்தின் அச்சாணியே அவன்தான். திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவை யார் என்று விசாரித்து ஊருக்கு அறிமுகம் செய்கிறவன் அவன். வேஷக்காரர் வசனம் மறந்தால் ஒரு கேள்வி கேட்டு எடுத்துக் கொடுக்கிறவன் அவன். கூட்டம் தூங்கினால் எழுப்புகிறவனும் அவன்தான். கதை முழுவதையும் மனப்பாடமாக அறிந்தவனுக்கே அது பொருந்தும். ஆகவே, 'எனக்குச் சின்ன வேஷம்' என்று யாராவது வருந்தினால், கட்டியங்காரனை நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, சபா நாடகங்களையும் கொஞ்சம் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அங்கே சேர்க்கப்பட்ட சிறுவர்களுள் ஒருவர் தி. க. சண்முகம். அப்போது அவருக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளையின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லாரும் அறிந்த செய்தி. ஆளுக்கு ஏற்ற வேஷம் இல்லையென்றால், வேஷத்தையே உண்டாக்கிக் கொடுத்த ஆசிரியர் அவர்!

அந்தப் பாலர் சபைகளில் ஒரு துயரமும் உண்டு. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போது குரல் உடையும், மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பிள்ளை, இன்று மேடைக்கு ஆகாதவன் ஆகிவிடுவான். அது அவன் குற்றம் அன்று, திறமைக் குறைவும் அன்று, காலம் அப்படி. இன்று நமக்குக் கிடைக்காத வேஷத்தைப் பற்றியும் இப்படி எண்ணிப் பார்க்கும் பெருந்தன்மை வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. 1940-களின் நடுவில், அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்திற்குத் தலைமை வேஷக்காரர் இல்லாமல் போயிற்று. அதுவரை பெரும்பாலும் பெண் வேஷம் கட்டிவந்த கணேசன் என்ற இளைஞரிடம் வசனக் கட்டைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். சில மணி நேரத்துக்குள் அத்தனை வசனத்தையும் நெட்டுருப் போட்டு நடித்துக் காட்டிவிட்டார். அந்த வேஷம் அவருக்குக் கிடைத்தது. பெரியார் வாயால் 'சிவாஜி' என்ற பெயரும் கிடைத்தது. அவர் இதுவரை என்ன வேஷம் கட்டினார் என்று பார்த்து ஒதுக்கியிருந்தால், தமிழகம் ஒரு பெரும் நடிகரை இழந்திருக்கும். கேட்கிறவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெற்றோர் சிலருக்கு, 'நம் பிள்ளை கூத்தாடியாகப் போகிறானே' என்ற தயக்கம் இருக்கலாம். 1891-ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர். பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அந்தச் சபையில் கூலி வாங்காமல் நடித்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்று தமிழாக்கி மேடையேற்றினார்கள். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நாடகம் பகை அன்று என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

ஈழத்துக் கத்தோலிக்க மக்கள் இந்த வேஷம் கொடுக்கும் காரியத்தை எவ்வளவு மரியாதையோடு செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம், எஸ்தாக்கியார் நாடகம் என்று பல நாடகங்கள் கோவில் முற்றங்களில் ஆடப்பட்டன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றுள் சிலவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மூவிராசாக்கள் 1966-இல் வெளிவந்தது, ஞானசவுந்தரி 1967-இல் வெளிவந்தது. மட்டக்களப்புப் பக்கத்தில், கூத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் அண்ணாவியார் ஒவ்வொருவருடைய குரலையும் உடல்வாகையும் பார்த்து வேஷம் பிரிப்பார். அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார். அதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். அதை வாங்கியவன் இனிப் பின்வாங்க முடியாது. மாதக்கணக்காகப் பழக வேண்டும். பிறகு சதங்கை அணிய வேண்டும். அதன் பின்னரே அரங்கேற்றம். சட்டம் என்ற சொல்லைப் பாருங்கள்! வேஷத்தை ஒரு பரிசாக எண்ணாமல், ஊருக்குக் கொடுக்கிற வாக்குறுதியாக அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

உலகம் அறிந்த இன்னொரு எடுத்துக்காட்டு, ஜெர்மனி நாட்டு ஒபராமெர்காவ் என்ற மலைக் கிராமம். 1633-இல் கொள்ளைநோய் வந்தபோது அவ்வூரார் நேர்ந்துகொண்ட நேர்ச்சைப்படி, 1634 முதல் ஆண்டவருடைய பாடுகளின் நாடகத்தை ஆடி வருகிறார்கள். இப்போது பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. 2020-இல் நடக்க வேண்டியது கொரோனாவினால் 2022-க்குத் தள்ளிப்போயிற்று. அவ்வூரில் பிறந்தவர்களோ, இருபது ஆண்டுகள் அங்கே குடியிருந்தவர்களோதாம் நடிக்கலாம். முக்கிய வேஷம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். யாருக்கு எந்த வேஷம் என்பதை ஊரார் கூடி நிற்க, ஒரு பெரிய கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள். மறைவாகச் சொல்வதில்லை; காதோடு காதாகச் சொல்வதில்லை. முந்திய ஆண்டின் திருநீற்றுப் புதன் முதல் நடிகர்கள் முடியும் தாடியும் வளர்க்கிறார்கள்.

அங்கேயும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. திருமணமான பெண்களுக்கும் முப்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்கும் வெகுகாலம் வேஷம் மறுக்கப்பட்டது. பெண்கள் வழக்குமன்றம் சென்று, 1990-ஆம் ஆண்டு நாடகத்திலிருந்துதான் அந்தத் தடை நீங்கியது. 2022-இல் யூதாஸ் வேஷம் இட்டவருள் ஒருவர் இஸ்லாமிய இளைஞர். முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டு வழக்கமுள்ள ஊரே, 'யார் தகுதியானவர்' என்ற கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்டுத் திருந்தியிருக்கிறது என்றால், நாம் மட்டும் கேட்காமல் இருக்கலாமா? நமது தெருக்கூத்திலும் திரௌபதியும் பொன்னுருவியும் ஆண்களாகவே இருந்தார்கள். ஆனால் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறைப்படி பயின்று கட்டை வேஷம் கட்டி ஆடினார்கள். ஆகையால் நம் நாடகத்தில் ஞானப்பூ அம்மாளாக ஒரு பெண்ணே நடிப்பார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். தங்கையரே, தயங்காமல் முன்வாருங்கள்.

இனி, நமது தேர்வு எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறோம்.

எல்லாருக்கும் ஒரே பகுதிதான் கொடுக்கப்படும். ஒரு வசனம், ஒரு பாட்டு. அதைப் பத்து நாள் முன்பே கையில் தந்துவிடுவோம். தேர்வு அறைக் கதவை மூடிக்கொண்டு நடக்காது. இதே மண்டபத்தில், பார்க்க விரும்புகிற எல்லார் முன்னிலையிலும் நடக்கும். முடிவையும் அன்று மாலையே கோவில் வாசல் பலகையில் எழுதிவிடுவோம்.

நாங்கள் பார்க்கப் போவது மூன்று. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் காதில் சொல் தெளிவாக விழுகிறதா? மற்றவர் பேசும்போது இவர் கவனித்துக் கேட்கிறாரா? தினமும் மாலை ஒத்திகைக்கு நேரத்தோடு வரக்கூடியவரா? ஆகவே தம்பிமார்களே, சினிமா நடிகரைப் போலப் பேசிக் காட்ட முயல வேண்டாம். உங்கள் குரலிலேயே பேசுங்கள். மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, அவசரப்படாமல் சொல்லுங்கள். ஒரு வரி மறந்துபோனால் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பொருளைச் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். மறக்காதவனைவிட, மறந்தும் கலங்காதவனே மேடைக்கு உதவுவான்.

நாங்கள் பார்க்காதவையும் மூன்று. யூபிலி நிதிக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று பார்க்க மாட்டோம். யார் யாருக்கு உறவு என்று பார்க்க மாட்டோம். எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்றும் பார்க்க மாட்டோம்.

இந்த மூன்றாவதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். நாங்கள் கண்ட ஓர் ஊரில், பல ஆண்டுகளாக ராஜா வேஷமும் மந்திரி வேஷமும் ஒரு தெருவாருக்கே. சேவகனும் கொலையாளியும் மற்றொரு தெருவாருக்கே. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். சேவகன் வேஷம் கட்டிக் கட்டி அலுத்துப்போன பிள்ளைகள் ஒருநாள் வராமல் நின்றுவிட்டார்கள். அதோடு அவ்வூரில் நாடகமும் நின்றுவிட்டது. சாதியின் பெயரால் மனிதரைப் பிரிக்கக் கூடாது என்று வாழ்ந்து காட்டியவர் தேவசகாயம். எருமையின் மேல் பின்புறமாக உட்கார வைத்து, எருக்கம்பூ மாலையிட்டு, அவரை ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அவருடைய கதையை ஆடுவதற்கு, தெருவைப் பார்த்து ஆள் எடுத்தோமென்றால், திரை விலகும் முன்பே நாடகம் பொய்யாகிவிடும். மகாராஜாவின் கிரீடம் யார் தலைக்குப் பொருந்துகிறதோ அவர் தலையில் அது இருக்கும். எருமையின் கயிற்றைப் பிடித்து வருகிற சேவகன் யார் மகனாகவும் இருக்கலாம்; பெரிய வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அதை இழிவாக யாரும் எண்ண வேண்டாம் என்று இப்போதே கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, வேஷம் கிடைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிச்சயம் சிலர் வருத்தத்தோடு வீடு திரும்புவீர்கள். அது இயல்பு. ஆனால் அப்படியே வீட்டில் இருந்துவிடாதீர்கள். தெருக்கூத்தில் வேஷக்காரர் ஓர் அடியைப் பாடி முடித்ததும், பின்னால் நிற்கிறவர்கள் அதே அடியை வாங்கிப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் வேஷக்காரர் மூச்சு வாங்குகிறார். பின்பாட்டு இல்லையென்றால் எந்தக் கர்ணனும் எந்தத் துரியோதனனும் பொழுது விடியும்வரை நிற்க முடியாது. பார்க்கிறவர்களுக்குத் தெரிவது கிரீடம். கிரீடத்துக்குத் தெரியும் பின்பாட்டின் அருமை.

நமக்கும் பின்பாட்டுக்காரர் வேண்டும். திரை பிடிக்கவும், விளக்குப் பார்க்கவும், உடை தைக்கவும், வசனம் எடுத்துக் கொடுக்கவும், ஒத்திகை முடிந்து இருட்டில் போகிற சிறு பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடவும் ஆட்கள் வேண்டும். முக்கிய வேஷம் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பழக வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். முதல்வருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டாமவர் நிற்பார். காய்ச்சல் வராவிட்டாலும், இரண்டு நாள் ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு நாள் உண்டு. பெயர் கொடுத்த யாரையும் 'உனக்கு இங்கே வேலை இல்லை' என்று திருப்பி அனுப்ப மாட்டோம் என்பது நாங்கள் உங்களுக்குத் தருகிற சட்டம்.

நீங்களும் எங்களுக்கு ஒரு சட்டம் தர வேண்டும். பலகையில் பெயரைப் பார்த்தபின், கிடைத்தவர் கிடைக்காதவரின் வீட்டுக்குச் சென்று, 'நீயும் வா' என்று அழைக்க வேண்டும். பெற்றோர் தங்கள் பிள்ளையின் காதில், 'உன்னைவிட அவன் என்ன உயர்த்தி?' என்று சொல்லாமல் இருக்க வேண்டும். இவ்வளவு நடந்தால் போதும். யூபிலி இரவில் மேடையில் யார் நின்றாலும், பங்கு முழுவதும் அங்கே நின்றதாகவே இருக்கும்.

வசனத் தாள்கள் வாசலில் உள்ள மேசை மேல் இருக்கின்றன. வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் அனைவர் முயற்சியையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.